பிட்டு மாவில் விழுந்த பனி

பிட்டுக்கு அவித்து, அரித்து நான் போட்டுவைத்த கோதுமை மா டப்பாவில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எனக்கு எழுத்துத்தான் அதிகம் வராது, என் மாவின் அளவு தெரியும். மருமகள் பக்கத்து ஊரில் இருக்கும் தன் தாய்க்குக் கொண்டுபோய்விட்டாள் என்று நினைத்தேன். மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி, தானும் சிநேகிதரும் செலவில்லாமல் எடுத்த படத்தை டிவியில் போட்டாள். பனிச்சறுக்கு விளையாடப் போன பிள்ளைகளை ஒருவன் கோடரியோடு துரத்தித் துரத்திக் கொல்கிறான். முதல் பிணம் பேத்திதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் அவள் தலைமாட்டில் கிடந்த பனியைப் பார்த்தேன். அது என் அரிதட்டில் விழுந்த பதம்.

“நிப்பாட்டு பிள்ளை. உது என்ர மாவெல்லே?”

“ஓம் அப்பம்மா. சொறி. பனிக்கு உப்புப் போட்டா கண் எரியும்.”

மருமகள் என் பக்கம் திரும்பினாள். “அப்ப மூண்டு நாளா என்னிலயோ மாமி சந்தேகம்?”

அடுத்த நாள் புதிதாக மா அவித்து, ஒரு பை நிறையக் கட்டி அவள் கையில் கொடுத்தேன்.

“கொம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடு.”

அவள் போனபின் டப்பாவில் மா நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு கீறிவைத்தேன்.