கடலுக்குள் இருந்த அவுலியா

எட்டு வயது வரைக்கும் எங்கள் படகு போகும் வழியில், கடலுக்கு அடியில், ஒரு அவுலியா இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் என் மாமா.

ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வாப்பாவுக்கு பஜாரில் மளிகைக் கடை. அது அறுபதுகள். அக்கரையில் காடு திருத்திக் குடியேறியிருந்த பெங்காலிக் குடும்பங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் எங்கள் எஞ்சின் படகில்தான் போகும். படகை ஓட்டுவது உம்மாவின் தம்பியான என் மாமா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன், அரிசி மூட்டை மேல் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு.

அக்கரை நெருங்கும்போது ஓரிடத்தில் ஆழம் குறைந்து, தண்ணீருக்கு அடியில் புல் பச்சைப்பசேல் என்று தெரியும். அங்கே மாமா எஞ்சினை நிறுத்திவிட்டு, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றிப் படகைத் தள்ளுவார். வாப்பாவுக்குப் பொறுமை போய்விடும்.

"இதுக்கா மாப்புள எஞ்சின் வாங்கிப் போட்டேன்? வெயிலு மண்டையப் பொளக்குது."

"ஆவுளியா இருக்கு மச்சான். செத்த நேரம் பொறுங்க."

எங்கள் ஊர்க் கடற்கரையில் ஆவுளியா என்றால் கடற்பசு. கடலடியில் புல் மேய்ந்துகொண்டு, மூச்சு விட மட்டும் மேலே வருகிற சாதுவான பிராணி. அதை எனக்கு யார் சொன்னார்கள்? நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிற அவுலியாதான், தர்காவில் அடங்கியிருக்கிற இறைநேசர். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தி உட்கார்ந்துவிட்டேன். மாமா திரும்பிப் பார்த்தார். விஷயம் புரிந்து அவர் தோள் குலுங்கியது. ஆனால் 'அது இல்லடி' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சத்தம் போடாம இருக்கணும், என்ன?" என்றார், அவ்வளவுதான்.

சத்தம் போடாமல் இருக்கிற ஆளா நான்? குர்ஆன் ஓதப் போகிற ஓதப்பள்ளி முழுக்கப் பரப்பிவிட்டேன். அடுத்த தடவை பக்கத்து வீட்டு மாமி ஊதுபத்தியும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டார், மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டுமாம். பழத்தைப் பாதி வழியிலேயே நான் தின்றுவிட்டேன். அந்த அக்காவின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் பயந்து செத்தேன்.

அந்த வருஷம் மாமா கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனார். வாப்பா படகுக்கு வேறொருவரை வைத்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தங்கமான மனிதர், எனக்கு இளநீர் வெட்டித் தருவார். ஆனால் எஞ்சினை முடுக்கினால் முடுக்கினதுதான். பச்சைத் தண்ணீர் வந்துவிட்டது, வேகம் குறையவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க வாப்பா!"

"மாமா இல்லாதப்பவாச்சும் நேரத்தோட போய்ச் சேருவோம். சும்மா இரு புள்ள."

அப்போதுதான் ராஞ்சிக்காரர் முன்னால் கையை நீட்டி, "வோ தேக்கோ சேட், பானி சுவர்!" என்றார்.

தண்ணீர்ப் பன்றி! எங்கள் தீவு இந்தியில் கடற்பசுவுக்கு அதுதான் பேர், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கு? எங்கள் அவுலியா இருக்கிற இடத்தைக் காட்டிப் பன்றி என்கிறாரே! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையிலிருந்து குதித்து ஓடி, சுக்கானைப் பிடித்திருந்த அவர் கையைக் கடித்துவிட்டேன்.

"சுவர் நஹீ! அவுலியா! அவுலியா!"

என்னை அடிக்க எழுந்த வாப்பா அப்படியே நின்றார். படகுக்கு நேர் முன்னால் பழுப்பு முதுகு ஒன்று மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. அதன் விலாவை ஒட்டிக்கொண்டு சின்னதாக இன்னொன்று.

"பந்த் கரோ! அரே, பந்த் கரோ!"

வாப்பா போட்ட கூச்சலில் எஞ்சின் நின்றது. படகு வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே போனது. வாப்பா பாய்ந்து கழியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றிப் படகைத் திருப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் அவை இரண்டும் அவசரமே இல்லாமல் விலகிப் போயின. பெரியதன் முதுகில் சாய்வாக மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. அவுலியா இந்த உருவத்தில் வந்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ராஞ்சிக்காரர் கையைத் தடவியபடி என்னை முறைத்தார். வாப்பா அவரிடம் "தீரே சலோ பாய்", மெதுவாகவே போ என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை அடிக்கவில்லை. நான் பார்த்தது இன்னதென்று சொல்லித் திருத்தவும் இல்லை.

மாமா திரும்பி வந்த அன்று, கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று கோடு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"முதுகுலயா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"பக்கத்துல குட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

குட்டி இருந்ததா என்று மூன்று தடவை கேட்டார். பிறகு அத்தனை கூலிக்காரர்களுக்கும் நடுவில் பெட்டிமேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எஞ்சின் வாங்கிய புதிதில் மாமா அந்தப் புல்லுக்கு மேலே முழு வேகத்தில் போயிருக்கிறார். படகுக்கு அடியில் சுற்றுகிற எஞ்சின் விசிறி ஒரு கடற்பசுவின் முதுகில் இறங்கி, தண்ணீர் சிவந்துபோனது. அது செத்திருக்கும் என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் வாப்பா இதைச் சொன்னார். மாமா அன்றே என் தப்பைத் திருத்தியிருந்தால், ஒரு பிராணிக்காக நான் யார் கையையும் கடித்திருக்க மாட்டேன். திருத்தாமல் விட்டதற்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

ஆனால் அன்றைக்கு ஜெட்டியில் எனக்கு என்ன தெரியும்? அவுலியாவைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்து, தனக்குக் கிடைக்கவில்லையே என்று மாமா அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் தோளைத் தட்டி, "அழாதீங்க மாமா, அடுத்த தடவை உங்களுக்கும் காட்சி தருவாங்க" என்றேன்.