புகார் இல்லாத தெரு

2008 கோடையில், ஆம்பூரில் நடந்தது இது. புள்ளிவிவரத் துறையில் முப்பத்தோரு வருடம் எண்ணிவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் தண்ணீர் கெட்டுப்போன தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. லாரி ஒன்றுதான், நான்கு தெருவுக்குத்தான் போகும். எந்த நான்கு என்று நான் சொல்ல வேண்டும்.

வீடு வீடாக ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் இணையத்தில் ஒரு குழு வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்து எண்ணினால் போதும் என்று நானே யோசனை சொன்னேன். பிரவுசிங் சென்டரில் பதினொரு நாள் உட்கார்ந்தேன். அதில் நான்கு நாள்தான் மின்விசிறி ஓடியது. தண்ணீர் பற்றி 286 பதிவுகள். தெருவாரியாகப் பிரித்தேன். ஒரே ஒரு தெருவில் புகார் கிடையாது. 'எங்க தெரு தண்ணி சூப்பர்' என்று பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அந்தத் தெருவைக் கடைசியில் போட்டேன்.

பட்டியலைக் கொடுக்கப் போகும்போது, குறுக்கு வழி என்று அந்தத் தெருவிலேயே நடந்தேன். வெயிலில் தலை சுற்றியது. வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். அவர் எதிர்க் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கி வந்தார்.

"எதுக்கும்மா சோடா? தண்ணி போதுமே."

"குடிங்க சார். எங்க வூட்டுத் தண்ணிய குடிச்சா ஆஸ்பத்திரிலதான் எழுந்திருப்பீங்க."

"தண்ணி நல்லா இருக்குன்னு பதினேழு பேர் கம்ப்யூட்டர்ல எழுதியிருக்காங்களே!"

அவர் சிரித்துவிட்டார். "அதுவா? பொண்ணு இருக்கிற வூட்டுப் பசங்க எழுதனது சார். எம் பையனும் எழுதினான். இந்தத் தண்ணி குடிச்ச பொண்ணுக்குக் கொழந்த தங்குமான்னு பொண்ணு பாக்க வர்றவங்க கேக்கிறாங்க. எம் பொண்ணுக்கு ரெண்டு இடம் அப்படித்தான் போச்சு. இப்ப வந்திருக்கிற மாப்பிள்ளை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாக்கிறவராம்."

பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தேன். உங்கள் தெருவை முதலில் போடுகிறேன் என்றேன்.

"போடுங்க சார். ஆனா லாரி இங்க நிக்க வேணாம், பக்கத்துத் தெரு முனையில நிக்கட்டும். நாங்க வந்து தூக்கிக்கிறோம். காரணத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இருபத்துமூன்று புகார் இருந்த ஒரு தெருவை அடித்துவிட்டு இதைச் சேர்த்தேன். நிறுவனத்துக்காரர் ஆதாரம் கேட்டார். "இல்லை, நம்புங்கள்" என்றேன். என் வேலையில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த இருபத்துமூன்று இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது. லாரி சொன்னபடி பக்கத்துத் தெரு முனையிலேயே நின்றது. அங்கிருந்து அந்த அம்மா வீட்டுக்கு எனக்கு எண்பத்துநான்கு காலடி. இடுப்பில் குடத்தோடு அவருக்கு நூற்றுப்பத்து.

இன்றும் யாராவது பதிவுகளை எண்ணி ஊரின் குறை இதுதான் என்று வரைபடம் காட்டினால், புகார் இல்லாத இடத்தில்தான் என் கண் போய் நிற்கிறது. அங்கே யாரோ பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.