ஒரே மூச்சில் பதினொன்று

பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்றிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. செருப்பு இருந்தது. உள்ளங்கால்தான் மரத்துப்போய் உணர்வில்லாமல் இருந்தது. பத்து நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அந்த அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நடக்கும்போது முழங்கால் மடங்கியது. அதற்கு அடுத்த நாள் காலை, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுபவர்; மூட்டை தூக்கிப் பழகியவர். என்னைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

உள்ளூர் டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடியும் தட்டினார். "உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்காதீங்க" என்றார்.

மதுரையில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். நரம்புகளில் லேசாக மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய், பெரும்பாலும் காலில் ஆரம்பித்து மேலே ஏறும்).

"நெறய பேரு நல்லாயிருக்காங்கம்மா. ஆனா எதுவரைக்கும் ஏறும்னு இப்பச் சொல்ல முடியாது. நெஞ்சுக்கு வந்தா மூச்சுக்கு மெஷின் வைக்கணும்" என்று டாக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். கொஞ்சம் ஒளித்திருக்கலாமே என்று அன்று நினைத்தேன்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நர்ஸ் வந்து, மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். மூச்சுத் தசைகளின் பலத்தை அறியும் எளிய சோதனை அது. முதல் நாள் இருபத்தாறு வரை போனேன். மறுநாள் காலை பத்தொன்பது. மதியம் பதினான்கு. அடுத்த முறை பதினொன்று. பன்னிரண்டு என்ற சொல் வாய்க்குள்ளேயே இருந்தது. அதை வெளியே தள்ளக் காற்று இல்லை.

நர்ஸ் எழுதிக்கொண்டு வேகமாகப் போனார். கட்டிலை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளினார்கள்.

மெஷினைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், மாட்டவில்லை. இரண்டு நாள் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் மூச்சுவிட மறந்துபோகும் என்று பயந்தேன். பதினொன்று, பத்து, மறுபடி பதினொன்று. மூன்றாம் நாள் மதியம் பதின்மூன்று வந்தது. நர்ஸ் கை தட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தாறு எண்ணியவளுக்குப் பதின்மூன்று என்ன பெருமை?

என் கண் அப்படிப் பழகியது. பதினெட்டு வருஷமாக வெள்ளைத் துணியில் நூல் விட்ட இடத்தையும் கறையையும் மட்டும் தேடியவள் நான். என்னையும் அப்படியேதான் பார்த்து வந்திருக்கிறேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஜெயா பார்க்க வந்தாள். என் வீட்டுக்காரரிடம், "அண்ணே, சூப்பர்வைசரக்கா இல்லாம செக்கிங்ல ஒரே கொழப்பம். சரக்கு ரெண்டு தடவ திரும்பி வந்திருச்சு. அக்கா பாத்து அனுப்புனது ஒண்ணுகூட வந்ததில்ல" என்றாள்.

"சூப்பர்வைசரா? யாரு?" என்றார் அவர்.

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் சூப்பர்வைசராகி நான்கு வருஷம். 'வேற மேசைக்கு மாத்திட்டாங்க' என்று மட்டும்தான் அவரிடமும் வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடமும் சொல்லியிருந்தேன்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"அதுல சொல்ல என்ன இருக்கு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. ஐ.சி.யூ.விலேயே முடிந்திருந்தால் அவருக்கு இது தெரியாமலே போயிருக்கும். பெரிதாக ஒன்றைச் செய்தோம் என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் கோயில் பக்கம் பிசியோதெரபிக்கு (தசைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சை) லோடு ஆட்டோவில் கூட்டிப் போனார். பயிற்சி தந்த பெண் முதல் வாரம் கேட்டாள், "நேத்து என்னக்கா செஞ்சீங்க?"

"படி ஏற முடியல. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல."

"முடியாதத நான் கேக்கலக்கா. செஞ்சதச் சொல்லுங்க."

முடியாதவைதான் வரிசையாக நினைவுக்கு வந்தன. கடைசியில், தப்புச் செய்தவள் போல, "கையால எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு தட்டு முழுசா" என்றேன்.

"இத வீட்ல சொன்னீங்களா? சொல்லுங்க. அதுவும் பயிற்சிதான்."

அந்தப் பயிற்சிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் வாய்வரை வந்து விழுங்கினேன். மூன்றாம் நாள், "இன்னைக்கு நானே தலை சீவுனேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டு என் தலையைத் திருப்பிப் பார்த்தார். "வகிடு கோணலா இருக்கு. ஆனா நல்லாருக்கு" என்றார்.

ஏழாவது மாதம் ஒரு நாள் அவருக்கு வெளியூர் லோடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி முடிந்து தனியாக நின்றேன். டவுன் பஸ் வந்தது. படி அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கம்பியைப் பிடித்தேன். வலது கால் ஏறிவிட்டது. இடது கால் தரையிலேயே நின்றது. பஸ் கிளம்பிவிடுமோ என்று கம்பியை இன்னும் இறுக்கினேன். "ஏறுங்கக்கா" என்றார் கண்டக்டர். பல்லைக் கடித்து இழுத்தேன். வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

ராஜபாளையத்தில் இறங்கி, லட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போனேன்.

"என்னக்கா விசேஷம்? மகளுக்கு மாப்ள அமைஞ்சிருச்சா?" என்றாள் ஜெயா.

"இல்லட்டி. நான் பஸ் ஏறிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மதுரையில் என்னைப் பார்த்திருந்த ஜெயா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, லட்டைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

இதே நோயோடு படுத்துக்கொண்டு இதைப் படிக்கும் உங்களிடம் பயம் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் போகவில்லை. சளி பிடித்தால்கூட விரல்களை மடக்கி விரித்துப் பார்க்கிறேன். இடது பாதத்தின் ஓரத்தில் இன்னும் உணர்வு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர் அம்மா. முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்தால் எனக்கு நாள் முடிந்துவிடும். இப்போது ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வைக்கிற சின்ன நேரம்கூட எனக்குக் கணக்கில் நிற்கிறது.

நேற்றுக் காலை ஓர் ஈரப் போர்வையை நானே பிழிந்து கொடியில் போட்டேன். கை ஓயாமல் நடுங்கியது. உள்ளே போய் அவரை எழுப்பிச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார்.