பீய்ச்சிக் கொட்டிய பால்

கள்ளக்குறிச்சி தொலைபேசி நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த இடைவேளை, ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் முகம் கழுவுவார்கள். ஹெட்போன் அழுத்திச் சிவந்த காதைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள். ஈரக் கைக்குட்டையைக் கண்மேல் போட்டுச் சாய்ந்திருப்பார்கள். நான் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் எவர்சில்வர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுவேன். துணியை நனைத்து மார்பில் ஒற்றி, பாலைப் பீய்ச்சிவிட்டு, கால் படாத இடமாகச் செம்பருத்தி வேரில் ஊற்றிவிட்டு வருவேன். அவ்வளவுதான் எனக்கு நான் செய்துகொண்ட வைத்தியம்.

கைக்குழந்தை கச்சிராயபாளையத்தில், மாமியாரிடம். சாயங்காலம் டவுன் பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் அவன் வாயில் மார்பு இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

அப்போது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே விழுந்தன. விழுந்த மரங்களோடு தந்திக் கம்பங்களும் சாய்ந்தன. பஸ் நின்றது. எங்களை மாற்றிவிட வரவேண்டியவர்கள் அவரவர் ஊரிலேயே நின்றுபோனார்கள். நான் நிலையத்திலேயே தங்கினேன். சேலம் பேசியது, விழுப்புரம் பேசியது, யார் யாரோ யார் யாரையோ தேடி என் காதுக்குள் அலைந்தார்கள். கச்சிராயபாளையம் லைன் மட்டும் செத்துக் கிடந்தது. போர்டில் அதன் துளையில் ஒயரைச் செருகிச் செருகிப் பார்ப்பேன். காற்றுகூட இரையாது.

நாளைக்கு நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு நாற்காலி வேண்டும் என்றுதான் மறியல். அது என் புத்திக்குத் தெரியும். மார்புக்கு எப்படிச் சொல்வேன்?

எனக்கு மூத்த ஆபரேட்டர் அக்கா ஒருவர் உள்ளூர்க்காரர். வீட்டிலிருந்து எனக்கும் சோறு கட்டிக்கொண்டு வருவார்.

"உன் வூட்டுக்காரரும் கோடாலியோட அங்கதான்டி இருப்பாரு" என்றார்.

"இருப்பாருக்கா. நம்ம வூட்டுக்குப் போற ரோட்டுலயே வெட்டிக்கினு இருப்பாரு."

சிரித்தோம். சிரித்தது மார்பில் வலித்தது.

இரட்டை வேலையில் இடைவேளை சுருங்கிக்கொண்டே வந்தது. கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் குரல் கொடுப்பார்: "இன்னாம்மா, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டியா? சேலம் கத்திக்கினு கீது!" அவரிடம் எதைச் சொல்ல? பாதி பீய்ச்சிய மார்போடு வந்து உட்காருவேன். ஒருமுறை யாரோ ஒருவர் தன் வீட்டை அழைத்தார். அந்த முனையில் அவர் மனைவி கைப்பிள்ளையைப் போன் அருகே பிடித்தாள் போலிருக்கிறது, அது வீறிட்டது. யார் பெற்றதோ. என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து வழிந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பேசுங்க சார், பேசுங்க" என்றேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. வலது மார்பு இறுகிப்போனது. துணி பட்டாலே உயிர் போனது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"கல்லு மாதிரி கீதேடி! இந்த ரோடு எப்ப தொறக்குமோ. மல்லிப்பூ வெச்சுக் கட்டிக்கோ. பால் வத்திடும், நோவும் போயிடும்."

"புள்ளைக்குக்கா?"

"அது இந்நேரம் புட்டிக்குப் பழகியிருக்கும். நீ மொதல்ல பொழைக்கிற வழியப் பாரு."

புட்டி என்ற சொல் காய்ச்சலைவிட மோசமாகச் சுட்டது. குளியலறை ஜன்னலில் கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. அதன் அடியில்தான் என் வீடு. பார்க்க முடிந்தது, போக முடியவில்லை. அழுகையை அடக்கத் துணியைக் கடித்தேன். கடைசியில், "வலப் பக்கத்துக்கு மட்டும் கட்டுங்கக்கா" என்றேன்.

ஊரில் கல்யாணமும் இல்லை, பூவை வெளியூருக்கு அனுப்ப வண்டியும் இல்லை. பூக்காரம்மா கூடையோடு கொடுத்துவிட்டார். ஹால் முழுக்க மணத்தது. "யாருக்கும்மா கல்யாணம்?" என்றார் சூப்பர்வைசர். இடது பக்கத்தை மட்டும், டம்ளரும் கையுமாக, வெறி பிடித்தவள்போல் பீய்ச்சி உயிரோடு வைத்திருந்தேன்.

ஆள் மாற்ற ஒருத்தி சைக்கிளில் வந்து சேர்ந்த அன்று நடந்தே புறப்பட்டேன். கிடந்த மரங்கள்மேல் ஏறி இறங்கினேன். கிளைகளில் புளியம்பிஞ்சு இன்னும் வாடாமல் இருந்தது. நடுவில் ஒரு கரும்பு டிராக்டர் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டது.

வீட்டில் மாமியார் மடியில் அவன் புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னாடா, ஆத்தாளயே தெரியலியா?" என்றார் மாமியார். "இவன் அழுத அழுகைக்கு நான் இன்னா பண்ணுவேன்மா."

இடது மார்பை வாயில் வைத்தேன். துப்பினான். மறுபடி வைத்தேன். கத்தினான். தூக்கம் கண்ணைச் சொக்கியபோது, தெரியாமல் பற்றுவதுபோல் பற்றிக்கொண்டான். நெஞ்சு எலும்புவரை இழுத்தான். தீர்த்துவிட்டு இன்னும் தேடினான். வலது பக்கம் மாற்றினேன். நாலு இழுப்பு இழுத்தான். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அழுதான்.

சாலை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு இடைவேளையிலும் வெந்நீரோடு ஓடினேன். வற்றிய பக்கத்தில் துணி ஒற்றி, அழுத்தி, நீவி, கெஞ்சிப் பார்த்தேன். "இன்னும் இன்னாம்மா அங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்தார். "இதோ வரேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டம்ளர் காய்ந்தே இருந்தது.