முள்ளா, கையா?

எங்கள் தெருமுனை ரேடியேட்டர் கடைக்காரரை எல்லோரும் தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் சூடானால் அவர் மீட்டரைப் பார்க்க மாட்டார். ரேடியேட்டர் மேல் கை வைப்பார். அடைப்பா, பம்ப்பா என்று கை சொல்லிவிடும். பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடும் கிறுக்கர்கள் அத்தனை பேரும், நானும் அதில் சேர்த்தி, அந்தக் கையை நம்பித்தான் வண்டி ஓட்டினோம். அவருக்கும் பிழைப்பு, கௌரவம் எல்லாமே அதுதான்.

என் நாற்பது வயதுக் காரில் சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய் நின்றது. அவரிடம் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டுக் கை வைத்தார்.

"சூடே இல்ல சார். வெதுவெதுன்னுதான் இருக்கு. மீட்டர் புளுகுது."

புது மீட்டர் போட்டார். மறுபடி சிவப்பு. வேறு காரில் நன்றாக ஓடிய மீட்டரைக் கழற்றி மாட்டினார். அதுவும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆவியும் இல்லை, கொதிக்கும் சத்தமும் இல்லை. மூன்று முள்ளும் பேசிவைத்துக்கொண்டா புளுகும்? ஆனால் அவர் கையும் இதுவரை தப்பியதில்லையே! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ எஞ்சினை ஓடவிட்டபடியே காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையும் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, "இன்னுமா இதோட மல்லுக்கட்டுறீங்க?" என்றபடி ரேடியேட்டர் மேல் கையை ஊன்றினார். ஊன்றியதுதான் தாமதம், அலறிக்கொண்டு கையை உதறினார்.

"ஐயோ, கொதிக்குதுங்க!"

"இங்கயா?" அவர் நம்பாமல் அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. நான்தான் பதறிப்போய் இழுத்தேன். தோல் சிவந்து கன்றியிருந்தது. முகத்தில் வலியே இல்லை, குழப்பம் மட்டும்தான்.

"எரியலையா?" என்றேன்.

"இல்லையே சார்."

முள் மூன்றும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. முப்பது வருடம் சூட்டிலேயே கிடந்த கை எப்போது மரத்துப்போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஓடிப்போய் எஞ்சினை அணைத்தேன்.

அவரோ மனைவியைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், மனைவியின் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினார்.

"ஜில்லுன்னு இருக்கா?"

"உங்க கையும்தானே நனையுது, தெரியலையா?" என்று மனைவி சிடுசிடுத்தார்.

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, பதிலுக்காக மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.