பதினொரு தோட்டாக்கள்

தோரா எங்கென் என்பவள் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். ஞாயிறன்று தேவாலயம் முடிந்ததும், பூட்ஸை மாட்டிக்கொண்டு, காணாமல்போன அப்பாவைத் தேடப் போவாள். பனி உருகியதிலிருந்து மறுபடி பனி விழும்வரை எல்லா ஞாயிறும். மொண்டானாவில் எங்கள் ஊரில் அவளைப் பார்த்துச் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் என் நல்ல மனசு இல்லை.

அவள் அப்பா ஹால்வோர் 1948 நவம்பரில் மான் வேட்டைக்கு மலையேறினார். மதியம் பனிப்புயல் அடித்து, மாலையில் ஓய்ந்தது. ஆள் திரும்பவில்லை. ஐந்து நாள் மலையைச் சல்லடை போட்டுச் சலித்தோம், துப்பாக்கிகூடக் கிடைக்கவில்லை. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தோரா ஓர் இடம் விட்டுவைத்திருந்தாள். அவரைக் கொண்டுவந்து அதில் படுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அவருடையது பழங்காலத்துத் துப்பாக்கி. அதன் தோட்டாவை நாற்பது-எண்பத்திரண்டு என்பார்கள். நாற்பது குண்டின் பருமன், எண்பத்திரண்டு கரிமருந்தின் எடை. ஒரு காலத்தில் கடைக்குக் கடை கிடைத்தது. புகையில்லாத மருந்தும் மெல்லிய குண்டும் வந்த பிறகு இந்தத் தடியனை யாரும் சீந்தவில்லை. போருக்கு முன்பே செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஹால்வோர் கடைசிப் பெட்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். மிச்சமிருந்த பதினொன்றையும் அன்று காலை அவர் பையில் போட்டுவிட்டவள் தோராதான்.

அந்தத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி வேறு யாரிடமும் கிடையாது. தவிர, அந்தத் துப்பாக்கியில் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் முனை உடைந்திருந்தது. சுட்டதும் வெளியே விழும் பித்தளைக் கூட்டின் அடியில் பிறையாக வடு இருக்கும். 1951-ல் தோரா மலைச்சரிவில் பிறை வடுவோடு மூன்று பித்தளைக் கூடுகளைக் கண்டெடுத்தாள். மூன்றும் ஒரே இடத்தில் கிடந்தன. எங்கள் பக்கத்தில் வழி தவறியவன் மூன்று முறை சுடுவான். கேட்டவன் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும்.

போரில் கண்ணிவெடி தேடிய பழைய கருவி ஒன்றை வாங்கினாள். 1956-ல் இன்னும் மூன்று, ஒரு மைல் கீழே. 1962-ல் இன்னும் மூன்று, காட்டுக்கு வெளியே புல்வெளியில். மூன்று இடத்தையும் சேர்த்துக் கோடு போட்டால் அது நேராக என் வீட்டுக்கு வருகிறது. ஊரில் யாரும் கோடு போட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

“என்ன தோரா, பித்தளை வெள்ளாமை எப்படி?” என்பான் காப்பிக்கடை வெர்ன்.

“உன் மண்டையைவிடக் கெட்டியா ஒண்ணும் கிடைக்கலடா. காப்பிய ஊத்து.” பிறகு என் பக்கம் திரும்புவாள். “லைல், அடுத்து உன் வேலிப் பக்கம்தான் வரப்போறேன். காளையக் கட்டிப்போடு.”

நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஏனென்றால் ஹால்வோர் மலையேறிய அன்று மாலை, சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்குக் கேட்டது. இந்தக் காலத்துத் துப்பாக்கியின் சுள்ளென்ற ஒலி இல்லை. பூமிக்கடியில் யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல. ஒன்று. இரண்டு. முள்கரண்டியைத் தூக்கியபடி மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எவனோ நரியைச் சுடுகிறான் என்று சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் ஹால்வோரைக் காணோம் என்றார்கள். வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் மலைமேல் தேடினார்கள். பாவி, நானும் கூடவே தேடினேன். அதிலிருந்து சாப்பாட்டு வேளையில் அந்த இரண்டும் கேட்கும். அலமாரியில் தட்டுகள் அதிரும். காலடியில் கிடக்கும் நாய் தலையைக்கூடத் தூக்காது.

1967 அக்டோபரில் ஒரு ஞாயிறு தோரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மேசைமேல் இரண்டு கூடுகளை வைத்தாள்.

“உன் வேலிக்கு நூறடி அந்தப் பக்கம். ரெண்டுதான். அதோட தீந்துபோச்சு. மூணாவது சுடணும்னா எந்தக் கடையில போய் வாங்குவாரு?”

நான் கூடுகளைத் திருப்பி அடியில் இருந்த பிறையைப் பார்த்தேன்.

“அன்னிக்கு உன் வீட்ல விளக்கு எரிஞ்சுதா, லைல்?”

“எரிஞ்சுது.”

“கேட்டுச்சா?”

பத்தொன்பது வருடமாகத் தயார்செய்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. “கேட்டுச்சு. மூணாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன், தோரா.”

“அவரும் காத்துக்கிட்டிருந்திருப்பாரு,” என்றாள். “உன் கதவு திறக்குதான்னு பாத்துக்கிட்டு.”

கத்தியிருக்கலாம். ஓங்கி அறைந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. “மம்முட்டிய எடுத்துட்டு வா. நீதான் தோண்டணும்.”

கருவியின் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, கூடுகள் கிடந்த இடத்திலிருந்து என் வீட்டை நோக்கி நடந்தாள். முள்கம்பிக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் முனகியது. கம்பியைத் தாண்டி என் நிலத்துக்குள் வந்தாள். ஓடைக்கரை சரிந்து மூடிய பள்ளத்தில், நான் வருடா வருடம் மாடுகளுக்கு வைக்கோல் போடும் இடத்தில், கருவி அலறியது எனக்கே கேட்டது.

இடுப்பளவு தோண்டியதும் துப்பாக்கிக் குழல் தெரிந்தது. அப்புறம் அவர்.

அங்கேயே நின்று நிமிர்ந்து பார்த்தேன். என் சமையலறை ஜன்னல் தெரிந்தது. உள்ளே மேசையும், நான் சாப்பிட உட்காரும் நாற்காலியும் தெளிவாகத் தெரிந்தன.