காலடிப்பேட்டையில் பாவு காயும்வரை

ராஜாக்கள் படையெடுத்ததை வகுப்பில் நிறையச் சொல்லிக்கொடுத்தாயிற்று. ஜனங்கள் எதிர்த்து நின்ற இடங்களை ஓய்வு பெற்ற பிறகாவது பார்ப்போமே என்றுதான் 1932 தை மாதம் ஒரு சனிக்கிழமை காலடிப்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

காலை ஆறரைக்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா பிடித்தேன். எட்டணா கேட்டவர் ஆறணாவுக்கு இறங்கினார். மூன்று மைல்தான், ஆனால் நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு முக்கால் மணி ஆகிவிட்டது. ஓட்டிய காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். எனக்குச் சரித்திரம் என்றால் அவருக்குக் குதிரை. வழியெல்லாம் இருவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனோம்.

காலடிப்பேட்டை, கம்பெனிக்காரர்கள் ஏற்றுமதித் துணிக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். அந்தக் கால நெசவாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் மிஞ்சினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரோடு கிளம்பிவிடுவார்கள். துரைமார்கள் பின்னாலேயே ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுவார்கள். அதற்கும் முன்னால், விஜயநகர ஆட்சியில், முறையில்லாத வரி கேட்டபோது, ஓயாமல் சண்டை போட்டுவந்த வலங்கை, இடங்கை என்ற இரு சாதிக் கட்சியாரும் ஒன்றுகூடி, கொடுப்பதில்லை என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பையன் பதில் சொல்லாவிட்டால் அவன் மேல் குற்றம். வகுப்பே வாய் திறக்காவிட்டால் குற்றம் வாத்தியார் மேல்தான்.

நெசவாளர் தெருமுனையில் ஜட்கா நின்றது. தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவைத் தெரு நீளத்துக்கும் நீட்டி, கஞ்சி போட்டிருந்தார்கள். ஓரமாகப் போகலாமே என்றேன்.

"குதிரைக்கே தெரியும் நைனா, பாவு கீற தெருவுல போவக் கூடாதுன்னு" என்றார் காதர் பாய். இறங்கிவிட்டேன்.

எங்களுக்குப் பின்னால் நான்கு விறகு வண்டிகள் வந்து நின்றன. தெருக்கோடியில் புதிதாக ஒரு விறகுக் கிடங்கு வந்திருக்கிறது. இனித் தெரு வண்டிக்குத்தான், பாவு போடக் கூடாது என்று கிடங்கு மேஸ்திரி இரண்டு நாள் முன்பு சொல்லிப் போனாராம். தெரு இல்லாவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் அந்த இருபது வீட்டுத் தறியும் நின்றுவிடும். ஆகவே விடியுமுன்பே நீட்டிக் கஞ்சியும் போட்டுவிட்டார்கள். கஞ்சி போட்ட பாவைக் காயுமுன் எடுத்தால் இழைகள் ஒட்டிப் பாழாகிவிடும்.

"இன்னா காமாட்சி, சொன்னேன்ல? தூக்கு அத்த" என்றார் வண்டிகளோடு வந்திருந்த மேஸ்திரி.

அன்றைய பாவு காமாட்சியம்மாள் வீட்டுடையது. அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்திருக்கவில்லை. "ஈரமா கீது மேஸ்திரி."

"எப்ப காயும்?"

"வெயில கேளு."

மேஸ்திரி வண்டிக்காரர்களை ஓட்டச் சொன்னார். அவர்கள் இறங்கிப் பீடி பற்றவைத்தார்கள். பாவை மிதித்து வண்டி ஓட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. மேஸ்திரி முதலாளியை அழைத்துவரப் போனார்.

அந்த இடைவெளியில், முன்னோர்கள் ஊரைவிட்டே போன கதையைக் காமாட்சியம்மாளிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி போனா, வான்னு கூப்ட ஆளு இருந்துச்சு வாத்யாரே. இன்னிக்கி நாங்க போனா மில்லு துணிய வாங்கிக்குவாங்க. அதான் குந்திகினு கீறோம்."

யோசித்துப் பார்த்தால், போனவர்களும் இவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். காலத்துக்குத் தகுந்தபடி செய்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலாளி வந்தார். தெருவே வெளியே வந்து பாவின் இரு பக்கமும் நின்றது. நானும் நின்றேன். முதலாளியே முதல் வண்டியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். காதர் பாய் சத்தமில்லாமல் ஜட்காவைத் தெருமுனையில் குறுக்காகத் திருப்பினார். முதலாளி நகர்த்தச் சொன்னதற்கு, "நம்ம குதிரை கொஞ்சம் பேஜாரு புடிச்சது சாரே, இப்ப நவுராது" என்றார். குதிரை புல் தின்றுகொண்டிருந்தது.

வண்டிகள் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போயின. நாளைக்கும் வருவேன் என்றார் முதலாளி. நாளைக்கு எதிர்வீட்டுப் பாவு என்றார் காமாட்சியம்மாள்.

போக விரும்புகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோவது நல்லது. உள்ளே போவதற்கு யார் கொடுத்த உத்தரவு இருந்தாலும், தெருவில் பாவு இருந்தால் முனையிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓரமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே ஆள் கூடுதலாக இருப்பது நல்லது.